மருந்து அடிச்ச ராத்திரி வயித்தைப் புரட்டுதா? பித்தம்னு விட்டுடாதீங்க!

பருத்திக்கு மருந்து அடித்துவிட்டு வந்த ராத்திரி வயிற்றைப் புரட்டும், தலை கனக்கும். ‘பித்தம்’ என்று எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டுப் படுப்பார்கள். அடுத்த முறை அடித்தால் மறுபடியும் அதே குமட்டல். பருத்தி விளையும் பெரம்பலூர், அரியலூர் பக்கம் இது புதுக் கதையல்ல.

2017-ல் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்த விவசாயிகள் சிலர் இறந்தே போனார்கள். அதே ஆண்டு மகாராஷ்டிராவின் யவத்மாலில் 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ் போன்ற மருந்துகள் மூச்சு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகும். நரம்புகளுக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கும். குமட்டல், எச்சில் ஊறுவது, வியர்வை, கண்மணி சுருங்குவது எல்லாம் அதனால்தான். அடுத்தடுத்துத் தெளித்தால், அந்த நொதி பழைய அளவுக்குத் திரும்ப அவகாசமே கிடைக்காது.

கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஆனால், டாக்டர் ‘ஏதாவது மருந்து எடுத்தீங்களா?’ என்று கேட்டால், ‘இல்லைங்க சார்’ என்போம். வயலில் அடித்தது அப்போது நினைவுக்கே வராது. (விஷத்துக்கு ‘மருந்து’ என்று யார்தான் பேர் வைத்தார்களோ!) என்றைக்கு, எந்த மருந்து, எத்தனை டேங்க் என்று நீங்களாகவே சொல்லுங்கள். பாட்டில் லேபிளை போனில் படமெடுத்துக் காட்டுங்கள். மருந்தே தொடாதவருக்கும் குமட்டல் நீடித்தால் அல்சர், கல்லீரல், சிறுநீரகம் என்று பார்க்க வேண்டியவை உண்டு.

மூச்சுத் திணறினால் உடனே 108. மருந்து பட்ட துணியைக் கழற்றி, சோப்பு போட்டு உடம்பைக் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

மோனோகுரோட்டோபாஸுக்கு 2023-ல் மத்திய அரசு தடை போட்டுவிட்டது. பரணில் பழைய பாட்டில் எதுவும் கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.