முழங்கால் வலியும் இயன்முறை மருத்துவமும்

தொழிலையும் பதவியையும் கருதி வெளிமாநிலங்களில் குடியேறிய தமிழர் பலர், வயது முதிர்ந்த பெற்றோரைத் தம்முடன் அழைத்து வைத்துக்கொள்கின்றனர். மும்பை, தில்லி போன்ற நகரங்களில் மின்தூக்கி இல்லாத பழைய கட்டடங்கள் இன்னும் உள்ளன. அத்தகைய கட்டடத்தில் மூன்றாம் மாடியில் வசிக்கும் தாயாருக்கு முழங்கால் வலி கண்டுவிட்டால், கோவிலும் கடைத்தெருவும் தமிழில் பேசுவதற்குக் கிடைத்த நாலு பேரும் அவருக்கு எட்டாமற் போகின்றனர். ஆகவே, இவ்வலியை ஆற்றும் வழியை அறிந்துகொள்வது குடும்பத்தார் அனைவருக்கும் உரிய கடமையாகும்.

நடுவயதைக் கடந்தோருக்கு வரும் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானமே காரணம். "தேய்ந்த மூட்டை மேலும் தேய்க்கலாகாது, அசையாமல் இருப்பதே நல்லது" என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றினும் உண்மைக்கு மாறானது. எலும்பின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையா. மூட்டினுள் இருக்கும் நீரிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. நடக்கும்போது அழுந்தியும் தளர்ந்தும் அந்நீரை அது ஏற்றுக்கொள்கிறது. அசைவு குன்றினால் ஊட்டமும் குன்றும்.

மற்றொரு செய்தியும் உண்டு. தொடையின் முன்புறத் தசையே முழங்காலுக்குப் பெருந்துணை. வலிக்கு அஞ்சிக் காலை அசைக்காதிருப்பின் அத்தசை சில வாரங்களிலேயே மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டின்மேற் சுமை ஏறுகிறது. சுமை ஏறினால் வலி மிகுகிறது. இச்சுழலை அறுப்பதே இயன்முறை மருத்துவத்தின் முதல் நோக்கம். பிஸியோதெரபி என்று வழங்குவதும் இதுவே. வெந்நீர் ஒத்தடமும் மின்கருவிகளும் சிறிது நேரம் இதம் தரலாம். நிலைத்த பயன் தருவது பயிற்சியே.

எளிய பயிற்சிகள் இரண்டைக் கூறுவோம். காலை நீட்டி அமர்ந்து, முழங்காலின் கீழ் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதனை முழங்காலால் அழுத்தி ஐந்து விநாடி நிறுத்துதல் ஒன்று. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றக் காலை மடக்காமல் ஓரடி உயரம் தூக்கி, ஐந்து விநாடி நிறுத்தி, மெல்ல இறக்குதல் மற்றொன்று. ஒவ்வொன்றையும் பத்து முறை செய்யலாம். மூச்சை அடக்கலாகாது. பயிற்சியின்போது சிறு வலி தோன்றினால் அஞ்ச வேண்டுவதில்லை. மறுநாளும் வலி மிகுந்தே இருப்பின் அளவைக் குறைத்தல் வேண்டும். பயன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். இடையில் விட்டுவிடுவோரே பலர்.

உடல் எடை மிகுந்தோர் அதனைக் குறைத்தலும் மருந்தே. ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்று 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கைத்தடியை வலியில்லாத பக்கத்துக் கையிற் பிடித்தல் வேண்டும். மாடி ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது வலியுள்ள காலை முதலில் வைக்க வேண்டும்.

மூட்டு திடீரென வீங்கிச் சிவந்தாலும், காய்ச்சல் சேர்ந்தாலும், அடிபட்டபின் காலை ஊன்ற இயலாவிடினும், பயிற்சியைத் தொடங்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

மொழி தெரியாமையால் சிகிச்சைக்குச் செல்லத் தயங்கும் முதியோர் உளர். இந்தி வழங்கும் ஊர்களில் முழங்காலைக் "குட்னா" என்பர். வலி "தர்த்", வீக்கம் "சூஜன்". இம்மூன்று சொற்களே தொடக்கத்துக்குப் போதும். எனினும், முதல் இரண்டு முறையேனும் மகனோ மகளோ உடன் சென்று, எப்போது வலிக்கிறது, எத்தனை படி ஏற முடிகிறது என்பவற்றைச் சிகிச்சையாளருக்கு எடுத்துரைத்து, கற்பித்த பயிற்சிகளைத் தமிழில் எழுதி வைத்தல் நன்று. வீட்டில் நாள்தோறும் கால் மணி நேரம் உடனிருந்து அவற்றைச் செய்விப்பின், தாயார் படியிறங்கிக் கோவிலுக்குச் செல்லும் நாள் மீண்டும் வரக்கூடும்.