நாய்க்குட்டியும் நள்ளிரவுக் குடையும்

சென்ற வைகாசி மாதத்தில், தென்மேல் பருவமழை குருவிட்ட மலைகளில் இறங்கிய முதல் வாரத்திலேயே, எங்கள் வீட்டுக்குப் புதிய அங்கத்தவர் ஒருவர் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் பேத்தி, கடைவீதி மதகடியில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த நாய்க்குட்டி ஒன்றை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றாள். இரு உள்ளங்கைகளையும் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும் உருவம். வயது இரண்டு மாதம் இருக்கலாம். ஆயினும் பெயரை மட்டும் அன்றைக்கே பெரிதாக வைத்தாயிற்று: டைகர்!

வந்த கால் மணி நேரத்துக்குள் டைகர் தன் வருகையைச் சீமெந்துத் தரையின் நடுவில் பதிவு செய்தது. எல்லோரும் சிரித்தோம். அடுத்த முறை பாயின் ஓரத்தில். அப்போது சிரித்தவர் தொகை குறைந்தது. மூன்றாம் நாள் இரவு, பேரக்குழந்தையின் தொட்டிற் சேலைக்கு நேர் கீழே மலங்கழித்து வைத்தது. அப்போது சிரிக்க ஒருவருமில்லை.

எங்கள் வீடு லயத்துக் காம்பரா. முன்னே ஓர் இஸ்தோப்பு, நடுவே ஓர் அறை, பின்னே ஒரு குசினி. வெள்ளைத் துரைமார் காலத்தில் ஒரு குடும்பத்துக்கு இது போதுமென்று அளந்து கொடுத்த 10 அடிக்கு 12 அடி அறையில், இன்றைக்கு நாங்கள் ஐவர் வாழ்கின்றோம். வங்களாவில் ஒரு நாய்க்குட்டி பிழை செய்தால் அது ஓர் அறையின் பிழை. லயத்திலோ உண்ணும் இடமும் உறங்கும் இடமும் குழந்தை தவழும் இடமும் ஒன்றே. ஆகவே என் மகன் கோபங்கொண்டதை நான் குறை கூறமாட்டேன். அந்த வாரம் முழுவதும் றப்பர் மரங்கள் நனைந்திருந்தன. நனைந்த மரத்தில் பால் வெட்டில்லை; வெட்டில்லையேல் என் மருமகளுக்குப் பேருமில்லை. கையிற் காசில்லாத வாரத்தில் தரையில் நாற்றமும் சேர்ந்தால் யாருக்குத்தான் பொறுமை நிலைக்கும்?

"அப்பா, புள்ள தவழுற எடத்துல இந்தச் சங்கடம் நமக்கு வேணாம். வார ஞாயித்துக்கெழம சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்திடுறேன்" என்றான் அவன்.

பேத்தி அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். தோட்டப் பாடசாலையில் நெடுங்காலம் படிப்பித்தவன் நான். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். "பதினைந்து நாள் தவணை கொடு தம்பி. அதன் பிறகு உன் விருப்பம்" என்று கேட்டு வாங்கினேன்.

தவணை வாங்கியதும் அண்டை அயலிலிருந்து ஆலோசனைகள் வந்து குவிந்தன. "மூக்கப் புடிச்சு அதுலயே தேய்ங்க வாத்தியாரையா, மறுபடி செய்யாது" என்றார் ஒருவர். "ஈர்க்கு ரெண்டு குடுத்தா தானா படியும்" என்றார் இன்னொருவர். நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் வைத்தியங்கள் இவை. அடித்தபின் நாய் தலையைத் தாழ்த்தி, காதை மடக்கி, கண்ணைத் திருப்பிக்கொள்கின்றதே, அது தன் குற்றத்தை உணர்ந்ததற்கு அடையாளமல்லவா என்று அவர்கள் வாதித்தார்கள்.

அல்லவென்று காட்டியிருக்கின்றார்கள் ஆராய்ச்சியாளர்கள். நியூயோர்க்கைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்னும் அம்மையார் 2009ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். தின்னக்கூடாதென்று விலக்கிய பண்டத்தை நாயின் முன்னே வைத்து, எசமானை வெளியே அனுப்பினார். திரும்பி வந்த எசமானிடம் சிலவேளை உண்மையும் சிலவேளை பொய்யும் சொல்லப்பட்டன. பண்டத்தைத் தின்ற நாயா, தின்னாத நாயா என்பதைப் பொறுத்து அந்தக் 'குற்ற முகம்' தோன்றவில்லை. எசமான் ஏசினாரா என்பதைப் பொறுத்தே தோன்றியது. குற்றமற்ற நாயும் ஏச்சுக் கேட்டால் அதே முகத்தைக் காட்டியது. ஆக, நாம் குற்றவுணர்வு என்று எண்ணுவது அச்சமேயன்றி வேறில்லை. தரை காய்ந்த பின் கொடுக்கும் அடியை, முன்னர் கழித்த சிறுநீரோடு முடிச்சிடும் ஆற்றல் அந்தச் சின்னஞ்சிறு மூளைக்குக் கிடையாது. அது கற்பதெல்லாம் ஒன்றே: மனிதர் பார்க்கும்போது கழிக்கலாகாது, கட்டிலின் அடியில் ஒளிந்து கழிக்க வேண்டும்.

இன்னுமொன்று. குட்டியினுடைய உடலே அதன் வசத்தில் இல்லை. பிறந்த புதிதில் தாய் நக்கித் தூண்டினாலன்றி நாய்க்குட்டியால் சிறுநீர் கழிக்கவும் முடியாது. கழித்ததைத் தாயே நக்கித் துப்புரவாக்கிவிடும். மூன்று வாரம் சென்றதும் குட்டி தள்ளாடி எழுந்து, படுக்கையை விட்டு அப்பால் நகர்ந்து கழிக்கத் தொடங்கும். படுத்த இடத்தை அசுத்தப்படுத்தலாகாது என்னும் பாடம் பிறவியிலேயே அதற்குண்டு. ஆனால் அடக்கிவைக்கும் பலம் வர நான்கு மாதமாவது செல்லும். மாதத்துக்கு ஒரு மணி நேரம் என்பது நாய் வளர்ப்போர் கைக்கொள்ளும் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று. இரவு ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தி விடியும்வரை அடக்கு என்று டைகரிடம் சொல்வது, பாலர் வகுப்புப் பிள்ளையிடம் பத்தாம் வகுப்புக் கணக்கைக் கேட்பதற்கு ஒப்பாகும்.

எனவே நாயைத் திருத்துவதை விட்டு வீட்டைத் திருத்தத் தொடங்கினேன். மூலையிற் கிடந்த பழைய தேயிலைப் பெட்டியை அறுத்து, பழஞ்சேலை விரித்து, என் பாயின் அருகிலே டைகருக்குப் படுக்கையாக்கினேன். தூங்கி எழுந்ததும், உணவு உண்ட சிறிது நேரத்திலும், விளையாடி ஓய்ந்ததும், படுக்கப் போகுமுன்னும் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போவது. எப்போதும் ஒரே பலா மரத்தடிக்கே போவது. அங்கே கழித்தால், அந்தக் கணத்திலேயே தட்டிக்கொடுத்து ஒரு ரொட்டித் துணுக்கு. வீட்டுக்குள் தரையை முகர்ந்து வட்டமிட ஆரம்பித்தால் அதுவே அறிவித்தல். ஓசையின்றித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். இந்த அறிவித்தலை வீட்டில் முதலிற் கற்றவள் பேத்தி.

இரண்டு இடையூறுகள் வந்தன. ஒன்று, தரை. மகன் நல்லெண்ணத்தோடு றப்பர்ப் பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அமோனியாவைச் சிறிது கொண்டுவந்து தரையைக் கழுவினான். மறுநாளும் டைகர் அதே இடத்துக்கே போயிற்று. சிறுநீரின் நெடியும் அமோனியாவின் நெடியும் உறவு முறையல்லவா? நாம் துப்புரவென்று நினைத்தது நாயின் மூக்குக்கு அழைப்பிதழாகிவிட்டது. பின்னர் சவர்க்கார நீரால் கழுவி, வினாகிரி கலந்த நீரால் துடைத்த பிறகே அந்த மூலையை அது மறந்தது.

மற்றது மழை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றரைத் தாண்டி மழை பொழியும் இரத்தினபுரி மாவட்டத்தில், வெளியே போ என்றால் எந்தக் குட்டி போகும்? பலா மரத்தடி மண்ணையும் சருகையும் ஒரு தகரத் தட்டில் அள்ளிவந்து இஸ்தோப்பின் தாழ்வாரத்தில் வைத்தேன். மழை விட்ட நாட்களில் அத்தட்டை முழம் முழமாக மரத்தை நோக்கி நகர்த்தினேன். நாயும் அதன் பின்னே நகர்ந்தது.

இரவுக் கடமை முழுவதும் என்னுடையது. முதுமை காரணமாக இரவில் மூன்று முறை எழுந்தே தீர வேண்டியவன் நான். அடக்க முடியாமையைப் பற்றி நாய்க்குட்டிக்கு உபதேசிக்கும் தகுதி எனக்கில்லை! ஆகவே நாங்கள் இருவரும் ஒரே குடையின் கீழ், ஒரே நோக்கத்தோடு, நள்ளிரவில் வெளியே போய்வந்தோம்.

அப்படி நின்ற ஓர் இரவில்தான் என் தாயை நினைத்துக்கொண்டேன். நான் சிறுவனாயிருந்த 1950களின் இறுதியில், கக்கூசு லயத்தின் கடைசிக்கும் அப்பால் இருந்தது. இருட்டு, அட்டை, மழை. அந்த அச்சத்தில் போகாமலே படுத்து எத்தனையோ இரவுகள் பாயை நனைத்திருக்கின்றேன். என் தாய் ஒருநாளும் அடித்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டியவள், நடுச்சாமத்தில் எழுந்து, அரிக்கன் லாம்பைப் பிடித்து என்னை அழைத்துப் போவாள். சில மாதங்களில் பாய் நனைவது நின்றுவிட்டது. அவள் எந்த ஆராய்ச்சியும் படித்தவளல்லள்.

அதற்கும் முந்திய ஒரு கதையுண்டு. நம் தோட்டங்களைக் கொழுக்கிப்புழு வாட்டிய காலத்தில், 1916ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தார் இலங்கையில் அந்நோயை ஒழிக்க முனைந்தார்கள். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது, சில மாதங்களில் திரும்பவும் வந்தது. காரணம் வெளிப்படை. லயங்களில் கக்கூசு இல்லை. நிழலும் ஈரமுமான மண்ணில் புழுவின் குஞ்சுகள் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து மறுபடியும் உடலுக்குள் புகுந்தன. கக்கூசு கட்டாமல் மருந்து பயனில்லை என்று வைத்தியர்கள் வற்புறுத்த வேண்டியதாயிற்று. செலவை எண்ணித் தோட்டச் சொந்தக்காரர் பலர் தயங்கினர். இடம் அமைத்துக் கொடுக்காதவர்களே, 'அசுத்தமான கூலிகள்' என்று நம் பாட்டன் பாட்டிமாரைப் பழித்தார்கள். மூக்கைத் தேய்க்கும் வைத்தியம் நாய்களுக்கு மட்டும் உரியதன்று.

இதை எழுதுவதால் நாயின் அசுத்தத்தை அலட்சியம் செய்யலாம் என்று வாசகர்கள் கொள்ளலாகாது. கொழுக்கிப்புழுவில் ஓர் இனத்துக்கு நம் நாட்டின் பெயரே உண்டு: அன்கைலொஸ்டோமா செய்லானிகம். லூஸ் என்னும் அறிஞர் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து பெற்று 1911இல் விவரித்தது இது. நாயிலும் பூனையிலும் வாழும் இப்புழு மனிதரையும் பற்றும். ஆகவே என் மகனின் கவலை நியாயமானது. டைகரை அரசாங்க மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்ப் பூச்சி மருந்து கொடுத்தோம். விசர்நோய்த் தடுப்பூசிக்கும் நாள் குறித்துக்கொண்டோம். கழித்ததை அன்றன்றே மண்வெட்டியால் அள்ளிப் புதைத்தோம். பேத்திக்குச் செருப்பில்லாமல் பலா மரத்தடிக்குப் போகத் தடை விதித்தோம்.

பதினைந்தாம் நாள் வந்தது. டைகர் முற்றாகத் தேறிவிட்டதென்று சொன்னால் அது பொய். இடி முழங்கிய அன்று மாலை குசினியில் ஒரு தடவை தவறியது. மகன் பார்த்தான், நானும் பார்த்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் வினாகிரிப் போத்தலை எடுத்துவந்தான்.

ஆடி மாதத்தில் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். இரவில் எழ முடியாமற் படுத்திருந்தேன். தேயிலைப் பெட்டிக்குள் முனகல் கேட்டது. எழுந்திருக்க முயன்றபோது கதவு திறக்கும் ஓசையும் குடை விரியும் ஓசையும் கேட்டன. கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதனூடே வெளியிலிருந்து என் மகனின் குரல் வந்தது:

"சீக்கிரம் இருடா சாமி, காலைல வேலைக்குப் போகணும்."