வால்வைத் திறந்த பிறகே பட்டன்
இயந்திர அறை – 12

சென்ட்ரிஃபியூகல் பம்பின் டெலிவரி வால்வை மூடிவைத்து மோட்டாரைப் போட்டு, வேகம் பிடித்த பிறகு மெல்லத் திறக்க வேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்தப் பாடத்தை அப்படியே இந்த வார இயந்திரத்திடம் காட்டிவிடாதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில், எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு) தொட்டிக்குக் காற்று தள்ளுகிற ட்வின் லோப் புளோயரை வால்வை மூடிக்கொண்டு ஸ்டார்ட் செய்தால், சில நொடிகளில் ரிலீஃப் வால்வு அலறும். அது துருப்பிடித்து இறுகியிருந்தால் பெல்ட் வழுக்கிக் கருகும், அல்லது மோட்டார் ட்ரிப் ஆகும், அல்லது உள்ளே லோப் உரசும். எது முந்திக்கொள்ளும் என்பது அந்தந்த இடத்தின் அதிர்ஷ்டம்.

காரணம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. எட்டு வடிவத்தில் இரண்டு லோப்கள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு காற்றை ஓரமாக அள்ளி மறுபக்கம் தள்ளுகின்றன. உள்ளே காற்று அமுக்கப்படுவதே இல்லை. முன்னால் தண்ணீரோ மூடிய வால்வோ எது மறித்தாலும் இது தள்ளிக்கொண்டே போகும், அந்த மறிப்புதான் பிரஷராக ஏறும். பெயர்ப்பலகையில் பிரஷர் 0.5 (சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ) என்று போட்டிருந்தால், அதற்கு மேல் தாங்காது என்று பொருள். அதைத் தாண்டாமல் தானே நின்றுகொள்ளும் புத்தி இதற்குக் கிடையாது. விசிறி இறக்கை வைத்த சென்ட்ரிஃபியூகல் புளோயர் அப்படியில்லை. டேம்பரை மூடினால் அது தள்ளும் காற்று குறையும், மோட்டாருக்கும் பாரம் குறையும். அதனால் அதை மூடித்தான் தொடங்குவார்கள்.

இந்த லோப் இயந்திரத்தைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் ஊரில் கம்பளி ஆலை வைத்திருந்த ரூட்ஸ் சகோதரர்கள். ஆலையின் நீர்ச்சக்கரத்துக்கு மாற்றாக எதையோ செய்யப்போய், அது தண்ணீரைவிடக் காற்றிடம் நன்றாக வேலை செய்ததைக் கண்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. 1860-இல் காப்புரிமை வாங்கினார்கள். 1870-இல் நியூயார்க்கின் பிராட்வே தெருவுக்கடியில் ஆல்ஃபிரட் பீச் ஓட்டிக்காட்டிய காற்று ரயிலைத் தள்ளியதும் ஒரு ரூட்ஸ் புளோயர்தான். இப்போது அதே வகை நம் கழிவுநீருக்குள் குமிழி விடுகிறது.

வருடாந்திரச் சுத்தம் முடிந்து நாலைந்து நாள் நின்றுபோன புளோயரைத் திரும்பப் போடுகிற நாளை எடுத்துக்கொள்வோம். முதலில் தொடவேண்டியது எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்ச். காற்று இல்லாமல் கிடந்த கழிவுநீர் அழுகியிருக்கும். புளோயர் ஓடியதும் அடியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடைக் குமிழிகள் கிளறி அறைக்குள் கொண்டுவரும். அழுகிய முட்டை வாடை வந்து, பிறகு சட்டென்று நின்றுவிட்டால், வாயு போய்விட்டதென்று நினைக்காதீர்கள். அளவு கூடும்போது அது மூக்கையே மரத்துப்போக வைக்கும். அறைக்குள் தனியாகப் போவதும் வேண்டாம்.

அடுத்து ஐசொலேட்டரை ஆஃப் செய்து, பூட்டு போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேனலில் டைமர் இருக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு புளோயரை நிறுத்தி இன்னொன்றைப் போடும். நீங்கள் பெல்ட்டுக்குள் விரல் விட்டிருப்பது அதற்குத் தெரியாது. பெல்ட் கார்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தே ஓட்டுகிற இடங்களுக்குக் குறைவில்லை. ஓடும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே எழுதிவிட்டது. ஆனால் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்துக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வருவதில்லை. கழுத்தில் துண்டோடு வரும் ஆபரேட்டரிடம் துண்டைக் கழற்றச் சொல்வது சூப்பர்வைசரின் வேலை.

இப்போது புல்லியைக் கையால் சுற்றுங்கள். இந்த ஒரு சோதனையை மட்டும் அவசரத்தில்கூட விட்டுவிடக் கூடாது. லோப்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான் இடைவெளி. அதைக் காப்பது பின்னால் இருக்கும் டைமிங் கியர். நிதானமாக நாலைந்து முழுச் சுற்று சுற்றும்போது எல்லா இடத்திலும் ஒரே கனம் தெரிய வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தாலோ, உள்ளே சுரண்டும் சத்தம் கேட்டாலோ, ஸ்டார்ட் செய்யும் பேச்சே வேண்டாம். வெல்டிங் கசடும் துடைத்த துணியும் புதுக் குழாய்க்குள் கிடந்து உள்ளே போனதுண்டு.

ஆயில், இயந்திரம் நிற்கும்போது கண்ணாடியின் நடுவில் நிற்கட்டும். கூடுதலாக ஊற்றினால் சூடும் கசிவும்தான் மிச்சம். ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். பெல்ட்டை நடுவில் அழுத்தினால் புல்லிகளுக்கிடையே ஒரு மீட்டர் தூரத்துக்குச் சுமார் 16 மில்லிமீட்டர் தாழ வேண்டும். ஒரு பெல்ட் தேய்ந்தால் செட்டாக மாற்றுங்கள்.

மோட்டார் வயரைக் கழற்றி மாட்டியிருந்தால், பெல்ட்டை எடுத்துவிட்டு, பூட்டைத் திறந்து, மோட்டாரை மட்டும் ஒரு தட்டு தட்டித் திசையைப் பாருங்கள்; பார்த்ததும் திரும்பப் பூட்டுங்கள். “காத்து வருதே அண்ணே, சரியாத்தானே சுத்துது?” என்பான் உதவியாள். ஓட்டிக் காற்றைப் பார்க்கும் இந்தச் சாட்சி சென்ட்ரிஃபியூகல் புளோயரில் செல்லாது. தலைகீழாகச் சுற்றினாலும் அது அதே வாய் வழியாகத்தான் காற்று விடும், ஆனால் மிகக் குறைவாக. எந்தப் புளோயரிலும் அம்புக்குறியைத்தான் நம்ப வேண்டும்.

இனி பெல்ட்டையும் கார்டையும் மாட்டி, ஐசொலேட்டர் பூட்டை எடுத்து, டெலிவரி வால்வை முழுதாகத் திறந்து, பைபாஸ் இருந்தால் அதையும் திறந்து, காதில் மஃப் மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தலாம். வேகம் பிடித்ததும் பைபாஸை மெல்ல மூடிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். தொட்டியின் அடியில் குமிழி விடும் டிஃப்யூசருக்கு மேல் 4 மீட்டர் தண்ணீர் நின்றால், அதுவே சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோ. குழாயும் டிஃப்யூசரும் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். முள் 0.4-க்குக் கீழேயே நின்றால் மீட்டர் பொய் சொல்கிறது, அல்லது காற்று டிஃப்யூசர்வரை போகவில்லை. தொட்டியைப் போய்ப் பார்த்தால், எங்கும் பொடிக் குமிழியாக இருக்கவேண்டிய தண்ணீர் ஒரே மூலையில் கொதிப்பதுபோல் பொங்கும். அங்கேதான் குழாய் உடைந்திருக்கிறது. முள்ளும் ஆம்பியரும் வாராவாரம் சேர்ந்து ஏறினால் டிஃப்யூசர் அடைத்து வருகிறது. முள் அப்படியே இருக்க, சூடு மட்டும் ஏறினால் ஃபில்டரைப் பாருங்கள். இந்த மீட்டர் புளோயரைப் பற்றிச் சொல்வதைவிடத் தொட்டியையும் குழாயையும் பற்றிச் சொல்வதுதான் அதிகம். தினமும் நோட்டில் எழுதாமல் அது சொல்வது புரியாது.

வெளியேறும் குழாயைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று, 0.5 பிரஷரில் 85 டிகிரிக்கு மேல் சூடாகித்தான் வெளியே வரும். அது கோளாறில்லை.

நிறுத்தும்போதும் பைபாஸைத் திறந்து பாரத்தை இறக்கிவிட்டே நிறுத்துங்கள். நின்ற புல்லியைச் சற்று நேரம் கவனியுங்கள். அது பின்பக்கமாக மெல்லச் சுற்றத் தொடங்கினால் என்.ஆர்.வி. (காற்றைத் திரும்ப விடாத வால்வு) மூடவில்லை, பக்கத்துப் புளோயரின் காற்று இதன் வழியே திரும்பி வருகிறது. பின்னோக்கிச் சுற்றும் லோப்பை டைமர் வந்து முன்னோக்கி இழுத்தால், அந்த அடி டைமிங் கியரில் விழும். அன்றைக்கே அந்தப் புளோயரை ‘ஆட்டோ’விலிருந்து எடுத்துவிட்டு, அதன் டெலிவரி வால்வை மூடி, ஸ்டார்ட்டரில் எச்சரிக்கை அட்டை மாட்டுங்கள். என்.ஆர்.வி.யைப் பிரித்துப் பார்த்து, வால்வைத் திரும்பத் திறந்த பிறகே அட்டை இறங்கலாம்.

(அடுத்த வாரம்: பெயரிங் சத்தம்)