காக்கு ஓட்டிய டிராம்

டிராம் வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. வழியைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். அப்படியானால் ஓட்டுநருக்கு என்ன வேலை? கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளான எங்களுக்கு இது பெரிய புதிர். ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராம் ஓட்டிய ஒருவரை ‘காக்கு’ என்று கூப்பிடுவோம். வங்காளிகள் சித்தப்பாவைக் கூப்பிடுவது போல. அவர் வண்டியில் தூக்குப் பாத்திரத்து மோர்கூடத் தளும்பாது என்பார் பாட்டி. 1953-ல் நின்றுபோன சென்னை டிராமிலும் போய்வந்தவர் அவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே புரிந்தது. தலைக்கு மேலே ஓடும் ஒற்றைக் கம்பியில் சுமார் 550 வோல்ட் நேர்மின்சாரம். கூரைமேல் சாய்ந்து நிற்கும் கழி அதை வாங்கி மோட்டாருக்கு இறக்கும். வேலை முடிந்த மின்சாரம் சக்கரம் வழியே தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிப்போகும். சுழலும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, பாய்கிற மின்சாரத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். நிற்கும் மோட்டாருக்கு அந்தக் காப்பு இல்லை. முழு அழுத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் வண்டி தூக்கிப்போடும், மோட்டார் கருகவும் கூடும். ஆகவே கிளம்பும்போது மோட்டார்கள் தொடரிணைப்பில் இருக்கும். நடுவே மின்தடைகளும் உண்டு. வேகம் ஏற ஏறத் தடைகள் ஒவ்வொன்றாக விலகும். பிறகு மோட்டார்கள் பக்க இணைப்புக்கு மாறும்.

இத்தனையும் காக்குவின் இடக்கையில் இருந்த பித்தளைக் கைப்பிடிக்குள் நடந்தது. ஒரு படி நகர்த்துவார், மோட்டாரின் குரல் ஏறும்வரை காத்திருப்பார், அடுத்த படி. காதும் கையும் சேர்ந்து செய்த அந்த வேலையை இன்றும் வியக்கிறேன்.

நிறுத்துவது இன்னும் கடினம். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு காசளவுதான். உருள்வதற்கு எதிர்ப்பு மிகக் குறைவு. அதனால் நிறுத்தத்துக்கு வெகு முன்பே மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார், வண்டி தானே உருண்டு வரும். ஆனால் மழையில் அதே வழவழப்பு ஆபத்து. பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கும், வண்டி சறுக்கிக்கொண்டே போகும். அதற்குத்தான் சக்கரத்தின் முன்னால் தண்டவாளத்தில் மணல் தூவும் ஏற்பாடு. மழைக்காலத்தில் வண்டி எடுக்குமுன் மணலைக் கையால் அளைந்து பார்ப்பார் காக்கு. ஈரமணல் குழாயில் அடைத்துக்கொள்ளும், இறங்காது.