வீட்டில் ஒரு பக்கம்... ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கம்! டேபிள் ஏன் இடம் மாறுகிறது?

போன மாதம், அம்மாவின் மகளிர் சுய உதவிக்குழுக் கணக்கை லேப்டாப்பில் டைப் செய்து கொடுத்தேன். 14 பேரின் பெயர், சேமிப்பு, கடன், கட்டிய தவணை, பாக்கி என ஒரு டேபிள். ஒரே பக்கத்தில் கச்சிதமாக அமைந்திருந்தது. ஊரில் பிரின்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லி மெயில் அனுப்பினேன்.

இரவு அம்மாவிடமிருந்து போன். "என்னடி இது? 'பாக்கி' பாதி காணோம். கடைசி ரெண்டு பேர் அடுத்த பக்கத்துக்குப் போயிட்டாங்க. எது கடன், எது தவணைன்னே புரியல. 'நான் கட்டினது எங்க?'ன்னு கூட்டத்துல கேட்கிறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

ஃபைலில் ஒரு எண்கூட மாறவில்லை. அதைத் திறந்த சாஃப்ட்வேர்தான் வேறு!

ஃபைலுக்குள் என்ன இருக்கிறது?

டாக்எக்ஸ் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். அதற்குள் பக்கத்தின் படம் இருக்காது. 'இந்த வார்த்தை, இந்த ஃபான்ட், இவ்வளவு அகலம்' என்ற குறிப்புகள்தான் இருக்கும். வேர்டு, லிப்ரே ஆபீஸ், கூகுள் டாக்ஸ் ஒவ்வொன்றும் அதைப் படித்து, பக்கத்தைப் புதிதாக அமைக்கின்றன. சமையல் குறிப்பு ஒன்றுதான், கைப்பக்குவம் வேறு. இந்த ஃபார்மட் 2008-லேயே ஐ.எஸ்.ஓ தரமாக ஏற்கப்பட்டும், வித்தியாசம் முழுவதும் மறையவில்லை.

மூன்று முக்கியக் காரணங்கள்

ஃபான்ட்: நிர்மலா யூஐ போன்ற தமிழ் ஃபான்ட்கள் விண்டோஸுடன் வருபவை. அவை இல்லாத கம்ப்யூட்டர் வேறு ஃபான்ட்டைப் போட்டுக்கொள்ளும். எழுத்தின் அகலம் கொஞ்சம் கூடினாலும், பெயர் இரண்டாவது வரிக்கு இறங்கும், கட்டம் உயரும், கீழே உள்ளவை நகரும்.

ஆட்டோஃபிட்: உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஏற்ப அகலத்தை மாற்றும் வசதி இது. ஒவ்வொரு சாஃப்ட்வேரும் இந்தக் கணக்கைத் தன் வழியில் போடுகிறது.

பேப்பர் சைஸ்: ஏ4 தாள் 210 x 297 மி.மீ. அமெரிக்க லெட்டர் சைஸ் 216 x 279 மி.மீ. உயரத்தில் 18 மி.மீ குறைவு. இரண்டு வரிசை அடுத்த பக்கம் போக இதுவே போதும்.

என்ன செய்யலாம்?

* பிரின்ட் எடுக்க மட்டும் என்றால், பி.டி.எஃப்-ஆக சேவ் செய்து அனுப்புங்கள். எழுத்தின் இடம் அதில் மாறாது.
* திருத்த வேண்டிய ஃபைல் என்றால், வேர்டின் டேபிள் லேஅவுட்டில் ஆட்டோஃபிட்டுக்குள் 'ஃபிக்ஸ்டு காலம் விட்த்' தேர்ந்தெடுங்கள்.
* வரிசையின் உயரத்தை 'எக்ஸாக்ட்லி' என வைக்காதீர்கள். எழுத்து பெரிதானால் வெட்டுப்படும். 'அட் லீஸ்ட்' போதும்.
* 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' கொடுத்தால், அடுத்த பக்கத்திலும் தலைப்பு வரும்.
* பேப்பர் சைஸ் ஏ4-தானா என்று பாருங்கள்.
* கடையில் பிரின்ட் கொடுக்கும் முன், பிரிவியூவை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.

அன்றிரவே பி.டி.எஃப் அனுப்பினேன். மறுநாள் அம்மா அதை பிரின்ட் எடுத்து, 14 பேர் வீட்டுக்கும் நடந்துபோய்க் காட்டிவிட்டு வந்தார். பல வருடமாகக் கணக்கு எழுதுகிறவர். "நம்பிக்கை போனா திரும்ப வராதுடி" என்றார்.

விண்ணப்பமோ, பயோடேட்டாவோ, கடன் கணக்கோ... அனுப்பும் முன் வேறொரு போனில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்!