உஷார்! பழைய சுவரை ஒட்டி வானம் பறிக்கிறீர்களா?

புதுச்சேரிப் பக்கம் நல்லவாட்டிலோ பாகூரிலோ வில்லியனூரிலோ இருக்கிற வீட்டோடு சேர்த்து ஒரு ரூம் இழுக்கப் போகிறவர்கள், கடப்பாரையைத் தொடும் முன் கொஞ்சம் நில்லுங்கள். கடைக்கால் மூன்றடி போதும் என்பார் மேஸ்திரி. இன்ஜினியர் ஐந்தடி என்பார். பைல் போடுகிறவரோ பத்தடிக்குக் குறைந்தால் நான் பொறுப்பில்லை என்பார். மூன்றையும் கேட்டுத் தலை சுற்றி, யார் மனமும் நோகாமல் நாலடி என்று நடுவில் ஒரு கணக்குப் போடுவோம். அந்த நாலடிதான் வினை.

எங்கிருந்து நாலடி? அதை யாரும் கேட்பதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியே வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. அதைப் பார்த்தவர்கள் மனையில் சவுடு கொட்டி மேடாக்குவது நியாயம்தான். ஆனால் மூன்றடி சவுடு கொட்டிய இடத்தில் மேலிருந்து ஐந்தடி பறித்தால், சொந்த மண்ணுக்குள் நீங்கள் இறங்கியது இரண்டே அடி. மேஸ்திரி பழைய தரையிலிருந்தும் இன்ஜினியர் சவுட்டின் மேலிருந்தும் அளந்துகொண்டு சண்டை போடுகிறார்களா என்று முதலில் பாருங்கள். அடித்தளத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1904 குறைந்தபட்சம் 50 செ.மீ. என்கிறது. அது இயற்கைத் தரையிலிருந்து எடுக்கும் அளவு. அதற்கு மேல் எவ்வளவு என்பதை உங்கள் மண்ணும் மேலே ஏறும் பாரமும்தான் சொல்ல வேண்டும்.

மண் ஊருக்கு ஊர் மாறும். நல்லவாட்டில் கடலோர மணல். கொஞ்சம் பறித்தாலே ஊற்று வந்துவிடும் இடங்கள் உண்டு. பாகூர் நஞ்செய்ப் பக்கம் போனால் களி. மழையில் உப்பி வெயிலில் வெடிக்கிற களியாக இருந்தால், மூன்றடிக் கடைக்கால் வருஷா வருஷம் ஏறி இறங்கும், சுவரில் கோடு விழும். அந்த மாதிரி மண்ணுக்கென்றே ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் வைத்த பைலை வளர்த்தெடுத்தது. ஆழமான உப்பும் களியில் அதன் நீளம் குறைந்தது 3.5 மீட்டர் என்பது விதி. ஆக, அங்கே பைல்காரர் சொல்வது வியாபாரப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அதே பைலுக்கான பில்லை நல்லவாட்டு மணலுக்கும் நீட்டினால், எதற்கு என்று கேளுங்கள்.

இனிமேல்தான் பெரிய ஆபத்து. பழைய சுவரின் கடைக்கால் எவ்வளவு ஆழம்? சுவரை ஒட்டி ஓர் இடத்தில் மட்டும் சிறு குழி எடுத்துப் பாருங்கள். மணலில் புது ஃபுட்டிங் பழையதைவிட 2 அடி கீழே போனால், அதைவிட்டு 4 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்று அதே ஐ.எஸ். 1904 கணக்குச் சொல்கிறது. ஒட்டியே பறித்தால் பழைய கடைக்காலுக்கு அடியிலிருக்கும் மணல் உங்கள் குழிக்குள் வந்துவிடும். ஊற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தால் இன்னும் வேகமாக வரும். ஆழம் அதிகமானால் பத்திரம்தானே என்று நினைக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒட்டித்தான் கட்ட வேண்டுமென்றால், சுவர் பக்கத்து ஃபுட்டிங்கைப் பழைய மட்டத்திலேயே நிறுத்தலாமா, பில்லரைத் தள்ளி வைத்து பீமை நீட்டலாமா என்று இன்ஜினியர்தான் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பறித்த மண்ணை எங்கே குவிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 2009 ஜூன் 27 அன்று ஷாங்காயில் 13 மாடிக் கட்டடம் ஒன்று வேரோடு சாய்ந்தது. ஒரு பக்கம் கார் நிறுத்தத்துக்கு 4.6 மீட்டர் பள்ளம், மறுபக்கம் 10 மீட்டர் உயரத்துக்கு மண்மேடு. அதற்கே அப்படியென்றால் நம் செங்கல் சுவர் எந்த மூலைக்கு?

ஆகவே யார் ஆழம் சொன்னாலும் மூன்றைக் கேளுங்கள்: எந்தத் தரையிலிருந்து, எந்த மண்ணைப் பார்த்து, எத்தனை மாடிக்கு? பதிலைக் கையெழுத்தோடு வரைபடத்தில் வாங்குங்கள். மனைக்கே வராமல் போனில் ஆழம் சொல்பவரின் பேச்சைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரோரம் வானம் திறக்காதீர்கள். மற்ற மாதத்திலும் முழு நீளத்தையும் ஒரே நாளில் பறிக்க விடாதீர்கள். மூன்று நான்கு அடியாக விட்டு விட்டுப் பறித்து, கான்கிரீட் போட்டு இறுகிய பிறகே அடுத்த துண்டு. சுவரில் புதுக் கோடு தெரிந்தால் வேலையை நிறுத்தி, வீட்டிலுள்ளவர்களை வெளியேற்றி, முட்டுக் கொடுக்க உடனே இன்ஜினியரை வரவழையுங்கள்.