மலிவு ரம்பம் வாங்கலாமா?

"ஒரு மேஜை ரம்பம் மட்டும் இருந்தால், வீட்டு அலமாரி எல்லாம் நானே செய்துவிடுவேன்" என்கிறாரா உங்கள் வீட்டுக்காரர்? உடனே மறுக்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். கடைக்கு நீங்களும் கூடப் போங்கள்.

மலிவு ரம்பத்தில் சத்தம் அதிகம். மரத்தூளும் வீடெல்லாம் பறக்கும். அது போகட்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது, பலகை அணைந்து செல்லும் பக்கத் தடுப்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தடுப்பை முடுக்கி, ரம்ப வட்டின் முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் அதுவரை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் குறுகியிருந்தால் பலகை நெருக்குண்டு, அறுப்பவர் மீதே பாயும்!

அறுத்த வாய் மூடிக்கொள்ளாமல் தடுக்க, வட்டுக்குப் பின்னால் ஒரு தகடு உண்டா? வட்டுக்கு மேல் மூடி உண்டா? இவை இல்லையென்றால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

விரல் பட்டதும் வட்டைக் கணத்தில் நிறுத்தும் கருவியை 1999-ல் அமெரிக்கர் ஸ்டீவ் காஸ் கண்டுபிடித்தார். மலிவு ரம்பத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே பலகையைத் தள்ள ஒரு கட்டை வேண்டும். கையுறை கூடாது, சிக்கினால் கையையும் இழுத்துவிடும்.

ஒரே ஓர் அலமாரிக்குத்தானா? மரக்கடையிலேயே அறுத்து வாங்கிவிடுங்கள். வருஷம் முழுவதும் வேலை உண்டென்றால், இன்னும் நாலு மாதம் பணம் சேர்த்து நல்லதாக வாங்குங்கள். அலமாரி காத்திருக்கும், அம்மா. போன விரல் திரும்பி வராது.